மூன்றாவது பிள்ளையின் தலைக்கு மேல்

"மார்ச், செவ்வாய். இடது பக்கம், மூன்றாவது பிள்ளை. வேலை நிறுத்தப்பட்டது. காரணம் பிறகு."

சிட்னியில் நான் வேலை பார்த்த ஓவியப் பழுதுபார்ப்பு ஸ்டூடியோவின் வேலைப் பதிவு ஒன்றில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. திகதி எழுதுவதில் நான் கண்டிப்பானவள் என்று உங்களில் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பதுண்டு. அப்படிப்பட்டவள் அன்று ஆண்டை எழுதவில்லை, நாளின் எண்ணையும் எழுதவில்லை. "காரணம் பிறகு" என்று எழுதினேனே தவிர, காரணத்தை நான் ஓய்வு பெற்ற நாள் வரை எழுதவே இல்லை. அண்மையில் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை அந்தப் பதிவைப் படித்துவிட்டு, என்ன காரணம் என்று எனக்கு மின்னஞ்சல் போட்டிருந்தாள். நம் ஆட்களின் பிள்ளைகளும் பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறார்கள். அவளுக்கு எழுத வேண்டிய பதிலை, இந்தத் தொழிலில் இருக்கும் உங்கள் எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

படத்தைப் பற்றி முதலில். ஓக் பலகையில் தீட்டிய ஓவியம். வட ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தது என்று நம்பப்படுவது. வரைந்தவர் பெயர் இல்லை. நடுவில் குழந்தையோடு மரியாள். அவருக்கு இடமும் வலமுமாக ஒரு குடும்பமே முழந்தாளிட்டு நிற்கிறது. நாம் பார்க்கும்போது இடது பக்கம் தகப்பன், ரோமக் கழுத்துப் பட்டி வைத்த கறுப்பு அங்கியோடு. அவருக்குப் பின்னால் நான்கு ஆண்பிள்ளைகள், உயர வரிசையில். வலது பக்கம் வெள்ளை முக்காட்டோடு தாய். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள். எல்லோருக்கும் கூப்பிய கை, சற்றே பெரிய மூக்கு. அந்த மூக்கைப் பார்த்தால் தகப்பன் யார் என்று ஒருவரும் கேட்க வேண்டியதில்லை.

இவர்கள் சாமிகள் அல்ல. படத்துக்குப் பணம் கொடுத்த வீட்டுக்காரர். அந்தக் காலத்தில் ஒரு கோயிலுக்குப் படம் செய்து கொடுப்பவர் தன்னையும் தன் குடும்பத்தையும் அதற்குள் வரைவித்துக்கொள்வது வழக்கம். ஆங்கிலத்தில் இவர்களுக்குச் சொல்லும் பெயரைவிட, நம்முடைய உபயகாரர் என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எங்கள் ஸ்டூடியோவில் சட்டமும் பலகையும் பார்க்கும் தச்சர் முரளி கும்பகோணத்துக்காரர். அவரிடம் இதைச் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார்.

"நம்ம கோயில் டியூப்லைட் மாதிரிங்கக்கா. வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயம்னு பேர் எழுதியிருப்பாங்கல்ல. இவரு பேருக்குப் பதிலா மூஞ்சியையே எழுதிட்டாரு."

சிரித்தேன். ஆனால் அது பாதி நியாயம்தான். பெருமைக்கு மட்டும் என்றால் தகப்பன் ஒருவர் போதும். கடைசிப் பிள்ளை வரை எல்லோரையும் கூட்டி வந்து வரிசையில் வைத்ததற்கு வேறு காரணம் இருந்தது. படத்துக்கு முன்னால் வந்து நிற்பவர் யாராக இருந்தாலும், இந்த வீட்டாருக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ள வேண்டும். வாழ்கிறவர்களுக்கும், இறந்தவர்களுக்கும். இறந்தவர் யார் என்று தெரிய, அவருடைய தலைக்கு மேலோ கைகளுக்கு இடையிலோ ஒரு சின்னச் சிலுவை வைப்பார்கள். இது நீங்கள் எல்லோரும் முதலாம் வருடத்தில் படித்ததுதான். நானும் படித்திருந்தேன்.

எங்கள் படத்தில் மூன்றாவது பையனின் தலைக்கு மேல், ஓர் அரிசி மணியளவில், சிவப்பாக ஒரு சிலுவை இருந்தது. குடும்பத்தில் மற்ற ஒருவருக்கும் இல்லை.

படத்துக்குச் சொந்தக்காரி ஹில்டா. எழுபதுகளின் நடுவில் இருந்தார். ஊன்றுகோலைத் தரையில் ஊன்றுவதைவிட ஆட்களைச் சுட்டிக் காட்டவே கூடுதலாகப் பயன்படுத்துவார். பாட்டனார் ஐரோப்பாவிலிருந்து கொண்டு வந்த படம், சிட்னி வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் தொங்கியது. ஹில்டாவும் அந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை. இரண்டு அண்ணன்மாரும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, அவருக்குப் பின்னால் இருந்த படத்தைக் காட்டி, "அந்த மூன்றாவது ஆள் நீதான், உனக்கு மட்டும்தான் குறி வைத்திருக்கிறது" என்று தினமும் சொல்வார்களாம். வளர்ந்து, கலியாணம் செய்து, பேரப்பிள்ளைகள் கண்ட பிறகும் அந்தச் சுவர்ப் பக்கம் முதுகு காட்டித்தான் உட்காருவேன் என்று சொன்னார்.

"இப்போது அண்ணன்மார் இரண்டு பேரும் போய்விட்டார்கள். குறி விழுந்தவள்தான் மிச்சம்," என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலால் என்னைச் சுட்டினார். "படத்தை நான் கலைக்கூடத்துக்குக் கொடுக்கப் போகிறேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை, ஒரே ஒரு முறை, அந்தப் பையனை அது இல்லாமல் பார்க்க வேண்டும்."

கேட்டது நியாயமாகவே இருந்தது. பழைய அறிக்கை ஒன்றிலும், அந்தச் சிலுவை பின்னாளில் யாரோ சேர்த்தது, நீக்கலாம் என்று இருந்தது. எங்கள் பரிசோதனையிலும் அது பழைய வார்னிஷுக்கு மேலேதான் கிடந்தது. விற்பனைக்காரர்கள் படத்துக்கு உருக்கம் கூட்ட இப்படிச் செய்வதுண்டு. பின்னால் வந்த வண்ணத்தை எடுப்பது, முதலில் தீட்டியதைக் காப்பது, இது எங்கள் பொது விதி. ஸ்டூடியோத் தலைவி ஒப்புக்கொண்டார், கலைக்கூடமும் ஒப்புக்கொண்டது. எடுக்கும் வேலை எனக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை படத்தை ஏற்றிப் போக வண்டி வரும்.

இந்தத் தலைவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என்னுடைய வயதுதான், ஒருவேளை ஒரு வயது இளமை. நான் இந்தத் தொழிலில் தெரிந்துகொண்டதில் பாதி அவர் பேசாமல் இருந்த நேரங்களில் தெரிந்துகொண்டது. அவர் வாயால் சொன்ன விதிகள் மிகக் குறைவு. அதில் ஒன்று பிறந்த கதை இது.

ஒருமுறை மெல்பேர்னில் ஒரு பெரிய வீட்டுக்குப் போனோம், இதேபோல உபயகாரர் உள்ள ஒரு பலகையைப் பார்க்க. அகச்சிவப்புக் கமராவை வைத்தபோது, முழந்தாளிட்டிருந்த மனைவியின் முகத்துக்கு அடியில் இன்னொரு பெண்ணின் முகம் தெரிந்தது. முதல் மனைவி இறந்த பிறகு இரண்டாவது மனைவியை அதே இடத்தில் வரைவித்திருக்கலாம். கமராத் திரையை எட்டிப் பார்த்த முரளி உற்சாகம் தாங்காமல் உரத்த ஆங்கிலத்தில், "முதல் மனைவி அடியில் இருக்கிறார்" என்றார். வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்றவர் அவருடைய இரண்டாவது மனைவி என்பது அந்த அறையில் முரளிக்கு மட்டும்தான் தெரியாது. வீட்டுக்காரர் இருமத் தொடங்கினார். அந்த அம்மாள் தேநீர் கொண்டுவரப் போனவர் திரும்பி வரவில்லை. திரும்பும் வழியில் ஸ்பிரிங்வேலில் நிறுத்தி நூடில்ஸ் சூப் குடித்தோம். முரளி கிண்ணத்துக்குள்ளேயே முகத்தை வைத்திருந்தார். தலைவி சாப்பிட்டு முடித்து வாயைத் துடைத்துவிட்டு, "சொந்தக்காரர் முன்னால் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். நினைத்ததைக் காருக்குள் வந்து சொல்லுங்கள்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு கார்ப் பயணங்கள் எங்களுக்கு மிகவும் சுவையாக இருந்தன.

இனி அந்த மார்ச் மாதம்.

வென்ட்வேர்த்வில்லில் எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டில் இருப்பவர் பரமேஸ் அன்ரி. அந்தச் செவ்வாய்க்கு முந்திய சனிக்கிழமை அவருடைய கணவர் காலமானார். ஞாயிற்றுக்கிழமை மரண அறிவித்தல் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எழுத்துப் பிழை பார்க்கத் தெரிந்த ஆள் என்று எங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மெல்பேர்னிலிருந்து வந்திருந்த மருமகன் சுதன் மடிக்கணினியோடு குசினி மேசையில் இருந்தார். நான் பக்கத்துக் கதிரையில். அன்ரி எதிரே, கையில் ஒரு கோப்பை வெறும் தேநீர், குடிக்கவில்லை.

நம்முடைய மரண அறிவித்தலின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர், மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பின்னும் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடோ நகரமோ. முன்னரே போனவர்களின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற". போனவர்கள் என்பதற்காக ஒருவரையும் வரிசையிலிருந்து எடுப்பதில்லை. மூத்தவர் மூத்தவராகவும் இளையவர் இளையவராகவும் அவரவர் இடத்திலேயே நிற்பார்கள். அந்த ஒரு சொல் மட்டும் முன்னால் வந்து நிற்கும்.

அங்கிளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் கனடாவில். கடைசி மகள், சுதனின் மனைவி, மெல்பேர்னில். நடுவில் ஜெயந்தன். ஊரில் சண்டை நடந்த காலத்தில் காணாமல் போனவர். எங்கே, எப்படி என்று இன்றைக்கும் ஒரு தகவலும் இல்லை.

சுதன் தட்டச்சு செய்துகொண்டே போனவர், நடுப்பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட்டார். அன்ரி எழும்பி வந்து திரையைப் பார்த்தார்.

"அதை எடும், தம்பி."

"மாமி, ஒண்டும் போடாட்டி சனம் கேக்கும். எங்க இருக்கிறார், ஏன் செத்தவீட்டுக்கு வரேல்லை எண்டு."

"கேக்கட்டும்."

"அப்ப பின்னால இலங்கை எண்டு போடட்டே?"

"இலங்கையில இருக்கிறான் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

சுதன் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அன்ரி தேநீர்க் கோப்பையைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவன்ர பேருக்கு முன்னால ஒண்டும் போடாதேங்கோ. பின்னாலயும் ஒண்டும் போடாதேங்கோ. அவன்ர இடத்தில பேரை மட்டும் விடுங்கோ."

அப்படியே விட்டோம். அறிவித்தல் அன்று பின்னேரம் வெளியானது. மூன்று பெயர்களில் நடுப்பெயர் மட்டும் இரண்டு பக்கமும் வெறுமையாக நின்றது.

செவ்வாய்க்கிழமை காலை நான் மூன்றாவது பையனின் தலைக்கு மேல் இருந்தேன். நுண்நோக்கியில் கண், கையில் பஞ்சுக்குச்சி, பஞ்சில் மிக மென்மையான கரைப்பான். சிலுவையின் வலது கை நுனியில் மெதுவாகத் தொட்டேன். சிவப்பு கொஞ்சம் இளகியது. நன்றாக எடுபடும், ஐயமில்லை. இன்னும் நான்கைந்து உருட்டல் போதும், ஹில்டா கேட்டது நடந்துவிடும்.

அப்போதுதான் சுதனின் விரல் அந்தச் சொல்லைத் தட்டியது நினைவுக்கு வந்தது.

சிலுவை இறந்தவருக்கான குறி என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அதை எப்போது வைப்பார்கள் என்று ஒருபோதும் யோசித்ததில்லை. படம் முடிந்து கோயில் சுவருக்குப் போன பிறகு வீட்டில் ஒரு பிள்ளை இறந்தால்? யாராவது திரும்பி வரத்தான் வேண்டும். ஏணி போட்டு ஏறி, காய்ந்துபோன வார்னிஷுக்கு மேலேதான் வைக்க வேண்டும். அப்படி வைத்த சிலுவை எங்கள் நுண்நோக்கியில் எப்படித் தெரியும்? பின்னால் சேர்த்தது என்றுதான் தெரியும். "பின்னால்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் "பொய்" என்று முடிவு செய்திருந்தோம். காலஞ்சென்ற என்ற சொல்லும் ஒரு பெயருக்கு எப்போதும் பின்னாளில் வந்து சேர்வதுதானே.

பஞ்சுக்குச்சியைக் கீழே வைத்தேன். நுண்நோக்கியின் உருப்பெருக்கத்தைக் கூட்டி மறுபடி பார்த்தேன். ஓரிடத்தில் வெடிப்பு ஒன்று, சிவப்பையும் அடியில் இருந்த வானத்தின் நீலத்தையும் ஒரே கோடாகப் பிளந்துகொண்டு போனது. அப்படியானால் இரண்டும் சேர்ந்தே மூப்படைந்தவை, சிலுவை பழையது. ஒரு மில்லிமீற்றர் தள்ளி, இன்னொரு வெடிப்புக்குள் சிவப்பு வழிந்து இறங்கியிருப்பதுபோல் இருந்தது. அப்படியானால் வெடித்த பிறகு வைத்தது, சிலுவை புதியது. ஒரே சிலுவையில் இரண்டு சாட்சிகள், இரண்டும் எதிரெதிர்.

தலைவியிடம் போய், நிறுத்திவிட்டேன் என்றேன்.

அவர் நுண்நோக்கியில் நெடுநேரம் பார்த்தார். "இந்த வெடிப்பை நேற்றுக் கண்டாயா?"

"இல்லை. இன்றைக்குத்தான் தேடினேன்."

"ஏன் தேடினாய்?"

அதுதான் கடினமான கேள்வி. கீழ் வீட்டு அங்கிளின் மரண அறிவித்தலில் ஒரு சொல்லைப் போடவில்லை, அதனால் தேடினேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். குசினி, கதிரை, அன்ரியின் குடிக்காத தேநீர் எல்லாம் சேர்த்து, மோசமான ஒழுங்கில் சொன்னேன்.

"நீ சொல்வது சான்று இல்லை," என்றார் கடைசியில். "ஆனால் எடுக்கலாம் என்று நாங்கள் கையெழுத்துப் போட்டதும் சான்றின் மேல் இல்லை. பதிவில் எழுது."

"காரணம் என்று என்ன எழுத?"

அவர் நுண்நோக்கியின் விளக்கை அணைத்தார். "பிறகு என்று எழுது." பிறகு ஒரு நிமிடம் கழித்து, "ஹில்டாவிடம் நீதான் சொல்ல வேண்டும்" என்றார்.

வியாழக்கிழமை ஹில்டா வந்தார். நல்ல உடுப்பு, கழுத்தில் முத்துமாலை. கொண்டாட்டத்துக்கு வந்தவர். படத்தைத் தாங்கியில் வைத்திருந்தோம். கிட்டே போனவர் சிலுவையைக் கண்டதும் நின்றார்.

தலைவியின் விதியை நினைத்துக்கொண்டு கண்டதை மட்டும் சொன்னேன். இங்கே ஒரு வெடிப்பு இப்படிப் போகிறது, இங்கே இன்னொன்று அப்படிப் போகிறது. குடும்பமே வைத்த குறியாக இருக்கக்கூடும், இல்லாமலும் இருக்கக்கூடும். இப்போதைக்கு எங்களால் சொல்ல முடியாது. எடுத்துவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது.

"இது என்னுடைய படம்," என்றார் ஹில்டா.

"நாளைக் காலை வரை உங்களுடையதுதான்."

"அப்படியானால் நீ அந்தப் பையனுக்காகப் பேசுகிறாய்."

"அவனுக்கு வேறு ஆள் இல்லை."

"எனக்கு மட்டும் யார் இருக்கிறார்கள்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஊன்றுகோல் தரையிலேயே இருந்தது. "ஒரு முறை பார்க்க வேண்டும் என்றுதானே கேட்டேன்."

என் பிழை அங்கேதான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. இரண்டு வழிதான் உண்டு, எடுப்பது அல்லது விடுவது என்றே செவ்வாய்க்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் இப்படி ஓர் இடத்தில் போய் நிற்பீர்கள். அப்போது, கேட்டவர் உண்மையில் என்ன கேட்டார் என்று திரும்பப் படியுங்கள். ஹில்டா அழி என்று கேட்டதில்லை, பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்.

சட்டத்துக்கு அளவெடுக்க வந்து கதவோரம் நின்ற முரளி, மெல்பேர்ன் சம்பவத்துக்குப் பிறகு சொந்தக்காரர் முன்னால் வாயே திறக்காதவர், எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"அக்கா, சாமிக்கு அலங்காரம் பண்றப்ப திரை போடுவாங்கல்ல. சாமி உள்ளதான் இருக்கும், நமக்குத் தெரியாது. அந்த மாதிரி கொஞ்ச நேரம் மறைச்சுட்டா ஆகாதா?"

என்ன சொல்கிறார் என்று தலைவி கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் முரளியைப் பார்த்து, பிறகு படத்தைப் பார்த்தார்.

"நீர்வண்ணம்," என்றார்.

எங்கள் வேலையில் இது புதியதல்ல, நீங்கள் தினமும் செய்வதுதான். ஆனால் சேதத்தை மறைக்கத்தான் செய்வோம், சேதமில்லாத ஒன்றை ஒரு பின்னேரத்துக்கு மறைக்க அல்ல. சிலுவைக்கு மேல் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்த பிறகு அதற்கு மேல் நீர்வண்ணத்தில் வானத்தின் நீலம். ஈரப் பஞ்சு பட்டால் போய்விடும். அடியில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. ஹில்டாவுக்கு இதை விளக்கி, அவர் தலையசைத்த பிறகு, நானே தீட்டினேன்.

கதிரையை ஹில்டா படத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தப் படத்துக்கு முகம் காட்டி உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். தலைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் வேறு வேலை பார்ப்பதுபோல் பார்த்தோம்.

கன நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எவன்?"

எனக்கு விளங்கவில்லை.

"நான்கு பையன்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே மூக்கு. எவன் என்னுடையவன் என்று எண்ணித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது." கொஞ்சம் சிரித்தார். "எழுபது வருடமாக அந்த வீட்டில் யார் வந்தாலும் அவனைத்தான் பார்த்தார்கள். மற்றப் பையன்களை ஒருவரும் பார்த்ததில்லை. இப்போது அவனையும் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்."

தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தந்துவிட்டு, "போதும். திருப்பிக் கொண்டு வா" என்றார்.

பஞ்சுக்குச்சியை நனைத்து நான் குனிந்தபோது, தலைவி என் கையிலிருந்து அதை வாங்கி ஹில்டாவிடம் கொடுத்தார். சொந்தக்காரரைப் படத்தில் கைவைக்க விட்டதை அவரிடம் அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஹில்டாவின் மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பஞ்சு உருண்டது. நீலம் கரைந்து, சிவப்பில் முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு கை, பிறகு முழுச் சிலுவை.

"அதோ, இருக்கிறான்," என்றார் ஹில்டா, அண்ணன்மாரில் ஒருவரைக் கண்டதுபோல.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. படம் போனது.

அங்கிளின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில மாதங்கள் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பரமேஸ் அன்ரியை ரயிலில் கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். வீட்டுக்குள்ளேயே இருக்கிறாரே என்றுதான். கதையைச் சொல்லவில்லை. நான் வேலை செய்த படம் ஒன்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். படத்துக்கு முன்னால் நின்றதும் அவர் செய்த முதல் வேலை, பிள்ளைகளை எண்ணியது. பிறகு சிலுவையைக் காட்டிக் கேட்டார், "இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன், பிள்ளை?"

"அது செத்த பிள்ளை, அன்ரி. படம் கீறின பிறகு செத்திருக்கலாம். அதுக்குப் பிறகு ஆரோ வந்து வைச்சிருக்கினம் போல."

அன்ரி வலது பக்கம் திரும்பி, வெள்ளை முக்காடு போட்ட அந்தத் தாயைப் பார்த்தார். பையனை அல்ல, தாயை.

"அவவுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார். "குடுத்து வைச்சவ."

ரயிலில் திரும்பி வரும்போது வேறு கதைகள் கதைத்தோம். ஹரிஸ் பார்க்கில் இறங்கி இனிப்பு வாங்க வேண்டும் என்றார், வாங்கினோம்.

மின்னஞ்சல் போட்ட பிள்ளைக்கு: இதுதான் காரணம். பதிவில் சேர்ப்பதானால் சேர்த்துக்கொள். கீழே ஒரு வரியும் சேர்க்க வேண்டும். அந்தத் தாய் அறிந்து வைத்த குறி என்று அன்ரியைப் போலவே நானும் நம்புகிறேன், ஆனால் நம்புவதைக் காருக்குள்தான் சொல்ல வேண்டும். கலைக்கூடத்தின் விளக்கப் பலகையில் இருப்பதே நாங்கள் கண்டது: "மூன்றாவது மகனின் தலைக்கு மேல் உள்ள சிலுவை, பின்னர் சேர்க்கப்பட்டது." யார் சேர்த்தார், படம் முடிந்த மறு ஆண்டா, முந்நூறு ஆண்டு கழித்தா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.